காளான் கொட்டகையைச் சிக்கனமாய்க் குளிர்வித்தல்

வைக்கோலைக் கொண்டு சிப்பிக் காளான் வளர்ப்பது நிலமுடைய குடும்பங்களுக்கு ஏற்றதோர் உபதொழிலாகும். வைக்கோல் வீட்டிலேயே கிடைக்கிறது; இடம் அதிகம் வேண்டுவதில்லை; வித்திட்ட ஒன்றரை மாதத்திற்குள் மூன்று அறுவடை முடிந்து கையில் பணம் வருகிறது. ஆயினும் நம் சமவெளி ஜில்லாக்களில் ஐப்பசி முதல் மாசி வரையில் செழிப்பாய் விளைந்த கொட்டகை, பங்குனி பிறந்ததும் குன்றத் தொடங்கி, சித்திரையில் வெறும் பைகள் தொங்கும் இடமாய் மாறிவிடுவது பலரும் கண்டதே. விளைவு நின்றாலும் கடன் தவணை நிற்பதில்லை. இந்நிலையில் சிலர் கொட்டகையை மூடிவிடுகிறார்கள். வேறு சிலர் மேலும் கடன் வாங்கிக் குளிர்சாதன இயந்திரம் பொருத்துகிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே, நிழல், காற்று, நீர் ஆகிய மூன்றையும் முறையறிந்து பயன்படுத்தும் வழி ஒன்று உண்டு. அது எம்மட்டில் பலிக்கும், எங்கே பலிக்காது என்பவற்றைக் கீழே விவரிப்போம்.

தேவையான உஷ்ணம்

சிப்பிக் காளானுக்கு 20 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வரை உஷ்ணம் ஏற்றது. வித்து வைக்கோலில் பரவும் பருவத்தில் 25 முதல் 30 டிகிரி வரை இருக்கலாம். மொக்கு விட்டுக் காளான் விரியும் பருவத்திலோ 25 டிகிரியை ஒட்டி இருப்பதே சிலாக்கியம். அப்போது காற்றின் ஈரம் 100-க்கு 80 முதல் 85 பங்கு வரை வேண்டும். 35 டிகிரிக்கு மேற்பட்டால் வித்திழை தளர்வடையும். 40 டிகிரியை ஒட்டிய உஷ்ணம் நீடித்தால் இழை மாள்வதும் உண்டு. அவ்வாறு தளர்ந்த படுக்கையில் பச்சைப் பூசணம் எளிதில் பற்றிக்கொள்ளும். ஆகவே ‘பூசணத்தால் பயிர் போயிற்று’ என்று சொல்லப்படும் கோடை நஷ்டங்களில் பலவற்றிற்கு உஷ்ணமே முதற் காரணமாகும்.

மொட்டுக் காளானின் நிலை வேறு. அது காய்ப்பதற்கு 14 முதல் 18 டிகிரி வரையான குளிர்ச்சி வேண்டுமாதலால் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளுக்கே உரியது. அதைச் சமவெளியில் வளர்க்க இயந்திரமின்றி இயலாது, இக்கட்டுரை அதைப்பற்றியதன்று.

உஷ்ணம் வரும் வழிகள்

கொட்டகைக்குள் உஷ்ணம் மூன்று வழிகளில் சேர்கிறது. முதலாவது, கூரை. சித்திரைத் தொடக்கத்தை ஒட்டித் தமிழ்நாட்டில் நண்பகற் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்பதால், சுவர்களைவிடக் கூரையே அதிக வெயிலை வாங்குகிறது. தகரமோ கல்நார்த் தகடோ வேய்ந்த கூரை இவ்வெயிலில் கொதித்து, அடுப்புத் தணல்போல் கீழே அனல் வீசும். இரண்டாவது, வெளிக்காற்று. பகல் 11 மணிக்குமேல் ஜன்னலைத் திறந்து வைத்தால் அனற்காற்றை வலிய அழைத்துக்கொள்வதாகும். மூன்றாவது, காளான் படுக்கையே. வித்திழை வைக்கோலைத் தின்று வளரும்போது உயிர்ப்பினால் சூடு உண்டாகிறது. ஆகையால் படுக்கையின் நடுப்பகுதி அறைக் காற்றைவிடச் சில டிகிரி அதிகமாகவே இருக்கும். பைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி வைத்தால் இச்சூடு வெளியேற வழியில்லாமல் போகும். உறிகளில் ஒன்றோடொன்று முட்டாதபடி, சுற்றிலும் ஒரு சாணாவது இடைவெளி விட்டுத் தொங்கவிடுதல் செலவில்லாத முதற் பரிகாரம்.

உஷ்ணமானி ஒன்றைச் சுவரில் மாட்டிவைத்தால் மட்டும் போதாது. வாரம் ஒரு முறையேனும் ஒரு படுக்கையின் நடுவில் அதைச் செருகிப் பார்த்தல் வேண்டும். பயிர் அனுபவிக்கும் உஷ்ணம் அதுவேயாகும். சோதித்த பையைத் தனியே வைத்துக் கவனிப்பது நலம்.

முதலில் வெயிலைத் தடுத்தல்

உள்ளே வந்த உஷ்ணத்தை நீக்குவதைவிட வராமல் தடுப்பது மலிவானது. புதிதாய்க் கொட்டகை போடுவோர் அதன் நீளம் கிழக்கு மேற்காய் அமையும்படி செய்தல் வேண்டும். அப்போது காலை மாலை வெயில் குறுகிய சுவர்களில் மட்டுமே படும். தென்னங்கீற்று அல்லது பனையோலைக் கூரை, தன்னுள் காற்றை அடக்கி வைத்திருப்பதால், தகரத்தினும் மிகக் குளிர்ச்சியானது. முன்னமே தகடு வேய்ந்தவர்கள் அதைப் பிரிக்க வேண்டியதில்லை. கூரைக்கு மேல் ஓர் அடி இடைவெளி விட்டு மூங்கிற் சட்டத்தின்மீது கீற்றுப் பந்தல் போட்டால், வெயில் பந்தலோடு நின்றுவிடும். இடையிலுள்ள காற்று சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். அப்பந்தலின்மேல் சுரை, பீர்க்கு, அவரை முதலிய கொடிகளை ஏற்றினால் நிழலோடு காயும் கிடைக்கும். ஆயினும் கொடி கோடைக்குள் பந்தலை மூடவேண்டுமாயின் தை மாதத்திலேயே விதை ஊன்றவேண்டும்.

பந்தலுக்கு வசதியில்லாதவர்கள், நீற்றுச் சுண்ணாம்பைக் குழம்பாய்க் கரைத்து, பற்றுவதற்குச் சிறிது பசை கூட்டித் தகட்டின் மேற்புறம் இருமுறை பூசுதல் வேண்டும். வெண்மையான பரப்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மழை கழுவிவிடுமாதலால் ஆண்டுதோறும் மாசிக் கடைசியில் இதைப் புதுப்பிக்க வேண்டும். தகட்டின் உட்புறம் தென்னந்தட்டியோ பாயோ நான்கு அங்குலம் இறக்கிக் கட்டினால் அனல் நேரே படுக்கைமீது படாது.

நீரைக் கொண்டு குளிர்வித்தல்

மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதன் காரணமே இதற்கும் அடிப்படை. நீர் ஆவியாகும்போது அதற்கு வேண்டிய உஷ்ணத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது அது கவரும் உஷ்ணம், ஏறத்தாழ 58 லிட்டர் நீரை 10 டிகிரி சூடாக்கப் போதுமானது. வெட்டிவேர்த் தட்டியை நனைத்து வாயிலில் தொங்கவிட்ட முன்னோர் செய்ததும் இதுவே. புது டில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் 1980-களில் வெளியிட்ட மின்சாரமில்லாக் குளிர்தொட்டியும், இரட்டைச் செங்கற் சுவரின் இடையே மணலை நிரப்பி நனைத்து வைப்பதன்றி வேறல்ல.

ஆனால் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவே நீர் ஆவியாகும். இதை அறிய ஒரே மாதிரியான இரண்டு உஷ்ணமானிகள் போதும். ஒன்றின் குமிழை மெல்லிய துணியால் சுற்றி நனைத்து, பிற்பகல் 2 மணிக்கு நிழலில் இரண்டையும் தொங்கவிட்டு, சில நிமிஷம் விசிறியால் வீசியபின் அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஈரத்துணி சுற்றியது காட்டும் அளவே நீரால் அடையக்கூடிய கடைசிக் குளிர்ச்சி. சாதாரணச் சாக்குத் தட்டி, விசிறியில்லாமல், இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தில் பாதியளவு குறைக்கும். விசிறியோடு அமைத்தால் 100-க்கு 70 பங்குவரை குறைக்கும்.

உதாரணமாக, உள்நாட்டு ஊர் ஒன்றில் வெளிக்காற்று 38 டிகிரியும், அதன் ஈரம் 100-க்கு 30 பங்கும் இருக்கும் பிற்பகலில், ஈரத்துணி உஷ்ணமானி 24½ டிகிரியை ஒட்டிக் காட்டும். வித்தியாசம் 13½. சாக்குத் தட்டி மட்டும் இருந்தால் உள்ளே வரும் காற்று 31 டிகிரியை ஒட்டியும், விசிறியும் இருந்தால் 28½ டிகிரியை ஒட்டியும் இருக்கும். கடற்கரை ஊரிலோ காற்று 33 டிகிரிதான் எனினும் ஈரம் 75 பங்கு இருந்தால், ஈரத்துணி 29 டிகிரி காட்டும். அங்கே எவ்வளவு செலவு செய்து தட்டி கட்டினாலும் 3 டிகிரிக்கு மேல் குறையாது. ஆதலின் வித்தியாசம் 8 டிகிரிக்கு மேற்பட்ட ஊர்களில் நீர்த்தட்டி பெரும் அனுகூலம் தரும்; 4 டிகிரிக்குக் குறைந்த ஊர்களில் அதற்குப் பணம் செலவிடுதல் வீண். அங்கு நிழலையும் காற்றோட்டத்தையும் பெருக்குவதும், இனத்தை மாற்றுவதுமே தக்க வழிகள்.

தட்டி அமைக்கும் முறை

16 அடி நீளமும் 11 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள கொட்டகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதனை இரண்டாய்த் தடுத்து, ஒரு பகுதியை வித்துப் பரவும் அறையாகவும் மற்றதைக் காய்ப்பறையாகவும் வைத்தல் வழக்கம். நீர்த்தட்டி காய்ப்பறைக்கே முதலில் வேண்டுவது. அங்கே குளிர்ச்சியோடு ஈரமும் தேவையாதலால் ஒரே நீர் இரண்டு வேலையையும் செய்யும்.

காய்ப்பறையின் நிழற்புறச் சுவரில் மூன்றடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள திறப்பு விட்டு, மூங்கிற் சட்டத்தில் இரட்டைச் சணற்சாக்கைத் தளர்வின்றித் தைத்துப் பொருத்த வேண்டும். வெட்டிவேர் கிடைக்குமிடத்தில் சாக்குக்குப் பதிலாக அதையே இரண்டங்குலக் கனத்தில் கட்டலாம். சட்டத்தின் மேல் விளிம்பில் ஓரங்குல இடைவெளியில் சிறு துளைகளிட்ட குழாயை வைத்து, உயரத்திலுள்ள தொட்டியிலிருந்து நீர் சொட்டும்படி செய்தல் வேண்டும். வடியும் நீரைக் கீழே வாய்க்காற் தகடு ஒன்றில் ஏந்தித் திரும்பப் பயன்படுத்தலாம். எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டிச் சூடான காற்று வெளியேறத் திறப்பு இருக்கவேண்டும். இரு திறப்புகளிலும் கொசுவலையினும் நெருக்கமான நைலான் வலை அடித்தால் காளான் ஈ உள்ளே வராது.

தரையில் ஆற்றுமணலை அரை அடி உயரம் பரப்பிக் காலை மாலை நனைத்து வைப்பதும், பக்கச் சுவர்களின் உட்புறம் சாக்குத் திரை தொங்கவிட்டு நனைப்பதும் ஏழை விவசாயியும் செய்யக்கூடியவை.

விசிறியும் இயந்திரமும்

மின்வசதி உள்ளவர்கள் எதிர்ச்சுவரின் திறப்பில் 12 அங்குல வெளியேற்று விசிறியைப் பொருத்தலாம். அது மணிக்குச் சுமார் 35,000 கன அடி காற்றை இழுக்குமானால், கொட்டகை முழுவதற்குமே ஒரு மணியில் 20 முறை காற்று மாறும். அந்தக் காற்றை 10 டிகிரி குளிர்விக்க மணிக்கு 5 லிட்டர் நீர் ஆவியாகும். பகல் 10 மணி நேரத்திற்கு 50 லிட்டர். விசிறிக்கும் சிறு நீரேற்றிக்கும் சேர்த்து 100 வாட் கொண்டால், 12 மணி நேரத்திற்கு மின்செலவு 1.2 யூனிட்டே.

ஒரு டன் குளிர்சாதன இயந்திரமோ ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் செலவிடும். அதே 12 மணிக்கு 12 யூனிட். அன்றியும் அவ்வியந்திரம் காற்றைக் குளிர்விக்கும்போதே அதிலுள்ள ஈரத்தையும் வடித்துவிடுகிறது. ஈரம் வேண்டும் பயிருக்கு வறண்ட குளிர்ச்சியைக் கொடுத்து, பின்பு நீர் தெளித்து அதைச் சரிப்படுத்துவது இரட்டைச் செலவாகும். மேலும் அறையை அடைத்து வைக்க நேரிடுவதால் கரியமிலவாயு தேங்கும்.

ஈரமான கொட்டகையில் மின்சாரத்தைக் கையாள்வதில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். கம்பிகளைக் குழாய்க்குள் செலுத்தி, சொடுக்கிகளை வெளிப்புறம் வைத்து, மின்கசிவு நேர்ந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துதல் இன்றியமையாதது. கீற்றுக் கூரையை ஒட்டிக் கம்பி செல்லக்கூடாது. உயிருக்கு அபாயம் விளைக்கும் இடத்தில் சிக்கனம் பாராட்டுதல் தகாது.

தினசரி வேலை

கோடையில் இரவும் விடியற்காலையுமே வெளிக்காற்று குளிர்ந்திருக்கும். ஆகவே இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை எல்லாத் திறப்புகளையும் திறந்துவைத்து, அறையையும் தரையையும் குளிரச் செய்தல் வேண்டும். 8 மணிக்குப்பின் தட்டியுள்ள திறப்பையும் வெளியேற்றுத் திறப்பையும் தவிர மற்றவற்றை மூடி, 9 மணி முதல் தட்டியில் நீர் விட வேண்டும். பகல் 11 முதல் 4 மணி வரை தட்டி ஒருபோதும் உலரலாகாது. உலர்ந்த தட்டி அனலை வடிகட்டாமல் உள்ளே விடும் ஜன்னலே.

குளிர்ச்சிக்காக அறையை முழுதும் அடைப்பது பெரும் பிழை. காற்று மாறாவிடில் கரியமிலவாயு மிகுந்து, காளானின் காம்பு நீண்டு குடை சிறுத்துவிடும். காம்பு நீண்ட காளானைக் கண்டால் நீர் குறைவென்று எண்ணி மேலும் தெளியாமல், திறப்பைப் பெரிதாக்கவேண்டும். குடையின் விளிம்பு சுருளுமுன்பே அறுத்துவிடுதல் நலம். முற்றிய காளான் விடும் வித்துத்தூள் சிலருக்கு இருமலும் மூச்சிரைப்பும் உண்டாக்குமாதலால், அறையில் வேலை செய்வோர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும்.

நீர் மிகுதியால் வரும் கேடுகள்

ஈரம் வேறு, நீர் தேக்கம் வேறு. படுக்கையின்மீது நீர் வழியும்படி தெளித்தால் வைக்கோல் அழுகி மஞ்சள் நீர் வடியும். பாக்டீரியா அழுகலும் பச்சைப் பூசணமும் தொடரும். தெளிப்பது பனிபோல் நுண்ணியதாயிருக்க வேண்டும். உப்பு நீரைக் காளான்மீது தெளிக்கக்கூடாது. தட்டிக்கு விட்டாலும் உப்புப் படிந்து சாக்கின் கண்கள் அடைபடும். வேறு நீர் இல்லாதவர்கள் வடிநீரை வாரமிருமுறை முற்றிலும் வெளியேற்றிப் புதுநீர் மாற்றவேண்டும். நனைந்த சாக்கிலேயே பூசணம் வளருமாதலால் இரண்டு ஜதை தட்டி வைத்துக்கொண்டு, வாரம் ஒரு ஜதையைச் சலவைத்தூள் கரைத்த நீரில் கழுவி, நல்ல வெயிலில் உலர்த்துதல் அவசியம். பாழான படுக்கையை அன்றே அகற்றிக் கொட்டகைக்குத் தொலைவில் புதைத்துவிட வேண்டும்.

பருவத்திற்கேற்ற இனம்

மேற்சொன்ன யாவும் செய்தபின்னும் படுக்கையின் நடுவில் பிற்பகல் உஷ்ணம் 30 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால், இயற்கையோடு போராடுவதை விட்டு இனத்தை மாற்றுவதே அறிவுடைமை. பால் காளான் 30 முதல் 35 டிகிரி வரையான உஷ்ணத்தை விரும்புவது. 1974-ஆம் ஆண்டில் மேற்கு வங்காளத்தில் கண்டறிந்து விவரிக்கப்பட்ட இவ்வினத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ஆம் ஆண்டில் ‘ஏ. பி. கே. 2’ என்னும் ரகத்தை வெளியிட்டது. அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தின் பெயரால் அது வழங்குகிறது. வித்துப் பரவிய படுக்கையை இரண்டாய் வெட்டி, ஆவியில் அவித்து ஆறிய மண்ணை முக்கால் அங்குலம் மேலே பரப்பி வளர்ப்பது இதன் முறை. பறித்தபின் சிப்பிக் காளானைவிட அதிக நாள் கெடாமலிருப்பது சந்தைக்கு அனுப்புவோருக்கு மற்றொரு அனுகூலம்.

பால் காளானுக்கு, தரைமட்டத்திற்குக் கீழே சுமார் மூன்றடி பள்ளம் தோண்டி, மேலே நீல நிறப் பாலிதீன் விரிப்பைக் கூடாரமாய்ப் போட்டு அமைக்கும் கொட்டகை மிக ஏற்றது. மண்ணின் உட்பகுதி பகலனலுக்கும் இரவுக் குளிருக்கும் அவ்வளவாக மாறாதிருப்பதால் உஷ்ணம் ஒரே சீராயிருக்கும். பள்ளத்தைச் சுற்றி வரப்பும் வடிகாலும் இல்லாவிடில் ஐப்பசி மழையில் குட்டையாகிவிடும் என்பதை மறக்கலாகாது.

ஆகவே புரட்டாசி முதல் மாசி வரை சிப்பியும், பங்குனி முதல் ஆவணி வரை பாலும் என்று முறை வைத்துக்கொண்டால், ஒரே முதலீட்டில் ஆண்டு முழுதும் விளைவு காணலாம். எந்த இனமாயினும் வித்துப் புட்டிகளை உச்சிவெயிலில் கொண்டுவருதல் கூடாது. காலையிலோ மாலையிலோ ஈரத்துணி போர்த்திய பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். வழியில் வெந்துபோன வித்துக்குக் கொட்டகையின் குளிர்ச்சி உயிர் தராது.

கிராம அலுவலர் கவனத்திற்கு

காளான் தொழிலுக்குக் கடன் கேட்போரை ஊக்குவிக்கும் ஊராட்சித் தலைவர்களும் கிராம அலுவலர்களும், மகளிர் குழுவினரும், மூன்று விஷயங்களை முன்னதாகவே விசாரித்தல் நலம். கொட்டகைக்கு நிழல் உண்டா, கோடையில் நல்ல நீர் நாளொன்றுக்கு 100 லிட்டராவது கிடைக்குமா, பங்குனிக்குப்பின் எந்த இனம் போடுவதாக உத்தேசம் என்பவையே அவை. இவற்றிற்கு விடை இல்லாமல் தை மாதத்தில் தொடங்கும் தொழில் முதற் கோடையிலேயே நஷ்டமடையும். புரட்டாசியில் தொடங்கினால் ஐந்து மாத வருமானம் கைக்கு வந்தபின்பே கோடை எதிர்ப்படும். அதற்குள் அனுபவமும் வந்துவிடும். தவணைகளையும் இதற்கேற்ப அமைத்துக்கொள்வது கொடுப்போருக்கும் வாங்குவோருக்கும் நன்மை.

செலவின் வரிசையும் இதுவே: முதலில் நிழல், அடுத்து இரண்டு உஷ்ணமானிகள், அவை அனுகூலம் காட்டினால் சாக்குத் தட்டி, அதன்பின்பே விசிறி. இவ்வரிசையை மாற்றி, வெயிலில் கொதிக்கும் தகட்டின்கீழ் இயந்திரத்தை ஓட்டுவது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும். அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் வித்தும் பயிற்சியும் பற்றி விசாரித்து, வரும் கோடைக்கு வேண்டிய பந்தல் வேலையைத் தை மாதத்திலேயே தொடங்கும்படி விவசாயப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.